லிஃப்டில் சிக்கிய கொலையாளி

கச்சிதமாகப் போட்ட திட்டம். முதலாளியைச் சுட்டாயிற்று, தற்கொலை போலக் காட்ட ஏற்பாடும் செய்தாயிற்று. காரில் ஏறிய பிறகு நிமிர்ந்து பார்க்கிறான் ஜூலியன். மாடி ஏறப் பயன்படுத்திய கயிறு அங்கேயே தொங்குகிறது! எடுக்க ஓடுகிறான். லிஃப்ட் பாதி வழியில் இருக்கும்போது, கட்டடத்தைப் பூட்டிக் கிளம்பும் காவலாளி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார். அன்று சனிக்கிழமை மாலை.

1958-ல் வந்த 'எலிவேட்டர் டு த காலோஸ்' என்ற பிரெஞ்சுப் படம் இங்கேதான் சூடுபிடிக்கிறது. 'தூக்குமேடைக்குப் போகும் லிஃப்ட்' என்பது தலைப்பின் பொருள். படம் வெளியானபோது இயக்குநர் லூயி மாலுக்கு வயது 25.

இறந்தவர் ஆயுத வியாபாரி. அவர் மனைவி ஃப்ளோரன்ஸ்தான் ஜூலியனின் காதலி. சாவியோடு நிற்கும் ஜூலியனின் காரை ஓர் இளம் ஜோடி கிளப்பிக்கொண்டு போகிறது. காரில் அவன் துப்பாக்கியும் இருக்கிறது. அவர்கள் அவன் பெயரில் விடுதியில் தங்கி, ஒரு ஜெர்மானியத் தம்பதியைக் கொன்றுவிடுகிறார்கள்.

போலீஸ் ஜூலியனைத் தேடுகிறது, அவன் செய்யாத கொலைக்காக! 'லிஃப்டில் இருந்தேன்' என்று உண்மையைச் சொன்னால், செய்த கொலை வெளியே வந்துவிடும். யார் கொலையாளி என்பதை முதலிலேயே காட்டிவிட்டும் நம்மை நகரவிடாமல் உட்கார வைப்பது இந்த முடிச்சுதான்.

காதலன் வேறொரு பெண்ணுடன் ஓடிவிட்டான் என்று நினைத்து, இரவெல்லாம் பாரிஸ் தெருக்களில் அலைகிறாள் ஃப்ளோரன்ஸ். கடை விளக்குகளின் வெளிச்சத்திலேயே ஜான் மொரோவின் முகத்தைப் படம்பிடித்திருக்கிறார் ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாய். பின்னணியில் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட். 1957 டிசம்பரில் ஒரே இரவில், திரையில் காட்சிகளைப் பார்த்தபடியே வாசித்துப் பதிவு செய்த இசை இது. அவள் பேசாத வலியை அந்த டிரம்பெட் பேசுகிறது.

குறை இல்லாமல் இல்லை. இளம் ஜோடியின் பகுதியில் வேகம் தளர்கிறது. அவர்கள் செய்யும் கொலைக்கான காரணமும் அவசரத்தில் எழுதியது போல இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொலை செய்யும் அளவுக்குக் காதலித்த இந்த இருவரும் படத்தில் ஒரு காட்சியில்கூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை. தொலைபேசியில் கேட்கும் குரலோடு சரி. யாரோடு சேர்ந்து வாழக் கொன்றார்களோ, அவர்களுக்கு நடுவிலேயே அந்தக் கொலை வந்து நின்றுவிடுகிறது. கடைசிக் காட்சியில் அவர்களைச் சேர்த்துவைப்பது எது என்பதை இங்கே சொல்லக் கூடாது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, நீங்களே பாருங்கள்.