குடும்பமும் உலகமும்: படகை எங்கே இறக்குவது?

சென்ற திங்கள் நமது பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று, இதுவரை எவரும் கேளாத வினா ஒன்றைத் தாங்கி வந்தது. காளிகாட்டில் நெடுங்காலமாக வசித்துவரும் சங்க உறுப்பினர் ஒருவர் எழுதுகிறார்: இங்கிலாந்தில் பணி புரியும் அவருடைய மகன், நண்பர் ஒருவருடன் கூட்டாகச் சிறிய பாய்ப்படகொன்றை வாங்கியிருக்கிறார். மோட்டார் காரின் பின்னே டிரெய்லர் வண்டியில் ஏற்றி, வேண்டிய ஊருக்கு இழுத்துச் செல்லத்தக்க படகு அது. வருகிற கோடை விடுமுறையில் மனைவியையும் ஆறு வயதுப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, படகுடன் ஐரோப்பாவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறார். பிரான்சின் வடகரையிலுள்ள செயிண்ட் மாலோவில் இறக்குவதா, ஹாலந்தின் ஃபிரீஸ்லாந்து ஏரிகளில் இறக்குவதா என்று வீட்டில் ஆலோசனை நடக்கிறதாம். மருமகளுக்கு நீந்தத் தெரியாது. “வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா?” என்று அந்தத் தந்தை நம்மைக் கேட்கிறார்.

நாம் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா; பாய்ப்படகு செலுத்திப் பழகியவர் அல்லோம். ஆயினும் வினா வந்தபின் நூல்களைப் புரட்டியும், தெரிந்தவர்களை விசாரித்தும், கங்கைக் கரையில் நின்று பார்த்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம். நமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். ‘வேண்டாம்’ என்று எழுதவேண்டியதில்லை. ‘எங்கே, எப்பொழுது, எவ்வாறு திரும்புவாய்?’ என்று எழுதவேண்டும். படகை இறக்குமிடத்தைத் தேர்வது, அதனை மீண்டும் கரையேற்றும் இடத்தைத் தேர்வதே ஆகும்.

முதலில் சாலையைக் கவனிப்போம். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் கார் இழுக்கும் டிரெய்லரின் அகலம் 2.55 மீட்டருக்கு மேற்படலாகாது. படகும் வண்டியும் சேர்ந்து 750 கிலோவுக்கு மேற்பட்டால் டிரெய்லருக்குத் தனியே பிரேக் இருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண கார் லைசென்ஸ் உடையவரே 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆனால் காரின் இழுதிறன் அதைவிடக் குறைவாயிருப்பின் அதுவே எல்லை. ஹாலந்தின் பெருஞ்சாலைகளில் டிரெய்லருடன் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. சரக்கை ஏற்றுகையில் பாரம் சற்றே முன்புறம் அமையவேண்டும். பின்புறம் கனத்தால் வண்டி பாம்பு போல் நெளியத் தொடங்கிக் காரையும் தன்னோடு புரட்டிவிடும். 2021 முதல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் சுங்கத்தில் தனித்தனியே நிற்பதால், பிரிட்டனில் வசிப்பவர் உல்லாசத்துக்குக் கொண்டுசெல்லும் படகை வரியின்றி ஒன்றியத்துக்குள் வைத்திருக்க 18 மாத அவகாசம் உண்டு. படகுக்குரிய பத்திரங்களைக் கையோடு வைத்துக்கொண்டால் போதும்.

நமது ரயில்வே நேயர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. வண்டி ஓடி ஓடி அச்சுப் பெட்டி சூடேறுவதை ‘ஹாட் ஆக்ஸில்’ என்று நாம் எவ்வளவு அஞ்சுகிறோம்! டிரெய்லரின் சக்கரக் குடமும் நெடுவழி ஓடியபின் சூடாகவே இருக்கும். வந்து சேர்ந்த ஆவலில் அதனை உடனே குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, கிரீஸ் இருக்கவேண்டிய இடத்திற்குள் நீரை இழுத்துக்கொள்ளும். அன்று ஒன்றும் தெரியாது. துருப்பிடித்த பேரிங் திரும்பும் வழியில் உடைந்து சக்கரம் கழலும். ஆகையால், வந்தவுடன் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து ஆறவிடுதல் நலம். அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்கவேண்டியதில்லை. நீரைப் பார்ப்பதற்கே அதனைச் செலவிடலாம்.

நீரைப் பார்ப்பது என்றால் என்ன? இதனைக் கற்க ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. மடல் எழுதிய அன்பர் தமது வீட்டருகே ஆதிகங்கைப் படித்துறையில் காலையில் ஒருமுறையும், ஆறு மணி நேரங் கழித்து மறுமுறையும் சென்று நிற்பாராக. 1770களில் டாலி என்னும் ஆங்கிலேயர் தூர் வாரிப் படகுவழியாக்கிய அந்த நீரோடை, இன்று மெலிந்து கறுத்து, 2009இல் திறந்த மெட்ரோ ரயில் நீட்டிப்பின் தூண்களைத் தன் வயிற்றிலேயே சுமந்து கிடந்தாலும், கடலின் ஏற்றவற்றத்தை இன்னும் மறக்கவில்லை. ஒரு வேளையில் படிகளை நனைக்கும் நீர், மறு வேளையில் சேற்றைக் காட்டிக்கொண்டு கீழே கிடக்கும். பாபுகாட்டுக்குச் சென்றால் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஹூக்ளியில் ஏற்றம் விரைவில் முடிந்துவிடும். வற்றம் நெடுநேரம் ஓடும். சில நாட்களில் ஏற்றமே ‘பான்’ என்னும் அலைச்சுவராக ஆற்றில் ஏறிவரும். அப்பொழுது அனுபவமுள்ள படகோட்டிகள் கரையில் ஒட்டிக்கொள்வதில்லை. படகை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் அலையை நேரே எதிர்கொள்கிறார்கள். கரை எப்பொழுதும் காப்பாற்றும் என்ற எண்ணத்தை இவர்களிடம் காண முடியாது.

இனிச் செயிண்ட் மாலோவை நோக்குவோம். 1746இல் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிய லபூர்தொனே பிறந்த ஊர் அது. ஆகையால் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. அங்கே பெரிய ஏற்றவற்ற நாட்களில் நீர்மட்டம் 12 மீட்டர் வரை உயர்ந்து தாழும். அதாவது நான்கு மாடி வீட்டின் உயரம், ஆறே மணி நேரத்தில்! அருகிலுள்ள ரான்ஸ் ஆற்றின் வாயில் இந்த நீரோட்டத்தைக் கொண்டே 1966 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். மின் எந்திரத்தைச் சுழற்றும் அந்த விசை, சிறு படகை என்ன செய்யும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். நிறை ஏற்றத்தில் சரிவுத்தளத்தின் மேற்பகுதியில் சுகமாக இறக்கிய படகு, மாலையில் திரும்பும்பொழுது அத்தளத்தின் அடிமுனைக்கும் கீழே, சேற்றுக்கும் பாறைக்கும் நடுவில் நிற்க நேரும். அவ்விடத்து நீர் வேனிலிலும் குளிர்ந்தே இருக்கும். வங்கக் கடலின் வெதுவெதுப்பில் குளித்தவர் அதில் தவறி விழுந்தால், முதல் அதிர்ச்சியிலேயே மூச்சுத் திணறும். செயிண்ட் மாலோ தீய இடம் என்று நாம் சொல்லவில்லை; நெடுங்காலமாகக் கடலோடிகளை வளர்த்த ஊர் அது. அங்குள்ள ஏற்றவற்ற அட்டவணையை நமது கால அட்டவணை போல் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உரிய இடம் என்கிறோம்.

ஃபிரீஸ்லாந்தின் இயல்பு வேறு. ஹாலந்தினர் 1932இல் 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணையொன்றால் கடலை மறித்து, உள்ளிருந்த பரப்பை நன்னீர் ஏரியாக்கினர். அதற்குக் கிழக்கே ஸ்னேக் என்னும் ஊரைச் சுற்றிலும் கால்வாய்களால் இணைந்த ஏரிகள் பல உள்ளன. ஏற்றவற்றம் இல்லை. பல இடங்களில் ஆழம் ஒன்றரை, இரண்டு மீட்டரே. அடிப்பலகையை மேலே தூக்கிக்கொள்ளும் வகைப் படகுக்கு இது பெரிதும் ஏற்றது. காலையில் கண்ட சரிவுத்தளம் மாலையிலும் அதே நீர்மட்டத்தில் இருக்கும். சிறு படகுக்கு அனுமதிச் சீட்டும் கேட்பதில்லை. முதன்முதல் குடும்பத்துடன் செல்வோர்க்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

ஆயினும், ஏரி என்ற சொல்லைக் கேட்டு அயர்ந்துவிடலாகாது. காளிகாட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள நமது ரவீந்திர சரோவரம் மனிதர் வெட்டிய ஏரியே; கரைகள் நாற்புறமும் கண்ணுக்குத் தெரிபவை. அங்கே 2022ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மாலை, துடுப்புப் பயிற்சியின்போது கால்பைசாகிப் புயற்காற்று திடீரென வீசிப் படகு கவிழ்ந்து, பள்ளி மாணவர் இருவர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை இந்நகரத்துப் பெற்றோர் மறந்திருக்க முடியாது. உயிர்காப்புச் சட்டை அணிவதும், துணைக்கு விரைந்து வரக்கூடிய படகு எது என்பதை முன்னரே அறிந்துகொள்வதும் கடலுக்கு மட்டும் உரிய விதிகள் அல்ல. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதன் எடைக்கேற்ற சட்டை வேண்டும். பெரியவர் சட்டையை இறுக்கிக் கட்டினால் போதும் என்று கருதுவது தவறு. மருமகளும் கரையில் கால் வைக்கும் வரை தம் சட்டையைக் கழற்றலாகாது.

காற்றைப் பற்றி நம் முன்னோர் அறிந்தது கொஞ்சமன்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயரிட்டவர்கள் நம் கடற்கரை மக்கள். துறைமுகமோ சரிவுத்தளமோ இல்லாத வெறும் மணற்கரையில் கட்டுமரத்தைத் தள்ளுபவர், சற்று நேரம் அசையாது நின்று அலைகளைப் பார்ப்பார். பேரலைகள் அடுத்தடுத்து வந்து ஓய்ந்த இடைவெளியிலேதான் தள்ளுவார். டிரெய்லர் படகுக்காரர் அவரிடம் கற்கவேண்டியது இந்தப் பொறுமையை. கரையிலிருந்து நீரை நோக்கிக் காற்று வீசும்போது, கரையோரம் கண்ணாடி போல் அமைதியாயிருக்கும். பாய் விரித்ததும் படகு உல்லாசமாக வெளியேறும். தொலைவு செல்லச் செல்லத்தான் அலையும் காற்றும் வலுத்திருப்பது தெரியவரும். திரும்புவதோ எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து முன்னேறும் பெரும்பாடு. போவது எளிதாயிருக்கும் நாளிலேதான் வருவதைப் பற்றி மிகுதியாக எண்ணவேண்டும்.

பருவமும் அவ்வாறே. 1969இன் தொடக்கத்தில் பினாகி சாட்டர்ஜியும் ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக்கும் ‘கனோஜி ஆங்கரே’ என்ற துடுப்புப் படகில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு அந்தமானை அடைந்ததைப் பழைய உறுப்பினர் சிலர் நினைவு கூர்வர். துணிவுக்கு அச்செயலை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. நாம் அதன் காலத்தையும் சேர்த்துக் காட்ட விரும்புகிறோம். ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் ஓய்ந்து, கால்பைசாகி இன்னும் தொடங்காத பருவம் அது. துணிவுடையவர்க்கும் பருவத்தின் துணை வேண்டும்.

இறக்குமிடத்தில் கீழே பார்ப்பது போல மேலேயும் பார்க்கவேண்டும். சாலையில் படுத்து வந்த பாய்மரத்தை நீரருகே நிமிர்த்துவார்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியைத் தொட்டு உயிர் போன நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நேர்ந்துள்ளன. நமது தண்டவாளத்தின் மேலுள்ள 25,000 வோல்ட் கம்பியைத் தொடாமல், அணுகினாலே ஆபத்து என்பதை ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகள் அறிவர். அந்த அறிவைப் படகுத்துறைக்கும் கொண்டு செல்லவேண்டும். ஏரியினுள் குறுக்கிடும் பாலங்களின் உயரத்தையும் முன்கூட்டியே படத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

இன்னொரு கடமை, பிறருக்காகச் செய்யவேண்டியது. வங்காளத்துக் குளங்களை மூடும் ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி; அதனை ஒழிக்க 1936இல் இங்கே சட்டமே இயற்றினர். அமெரிக்கப் பேரேரிகளில் 1988இல் காணப்பட்ட வரிச்சிப்பி என்னும் சிறு சிப்பியும் கப்பலில் வந்து சேர்ந்த அந்நியமே. அது அங்கிருந்து ஏரிக்கு ஏரி பரவியதற்கு டிரெய்லர் படகுகளும் காரணமாயின. ஆகவே, ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்குப் போகுமுன் படகையும் டிரெய்லரையும் பார்த்து, கழுவி, உலர்த்தவேண்டும். பிழைக்க வந்த ஊரின் கிணற்றைக் கெடுக்காதிருத்தல் நம்மவர்க்குப் புதிய அறமன்று.

ஆதலின் அன்பர் தம் மகனுக்கு எழுதவேண்டியவை இவையே: முதல் ஆண்டு ஃபிரீஸ்லாந்துக்குச் செல்க. மிகக் குறைந்த நீரிலும் படகை ஏற்றக்கூடிய தளமா என்று இறக்குமுன் காண்க. காற்று எத்திசை, மாலையில் எத்திசை என்று கேட்டறிக. தலைக்கு மேலே நோக்குக. எத்தனை மணிக்குத் திரும்புவீர் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்க. அம்மணி தவறினால் யாரை அழைக்கவேண்டும் என்பதையும் அவருக்குக் கூறுக. இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை கிடைக்கவில்லையானால், படகை டிரெய்லரிலேயே விட்டு, குழந்தையுடன் கரையில் அமர்ந்து சிற்றுண்டி அருந்தி மகிழ்க. அதனால் எவருக்கும் குறைவில்லை.

எதிரிலுள்ள நிலையம் ‘லைன் கிளியர்’ கொடுத்தாலன்றி எந்த வண்டியும் இங்கிருந்து நகர்வதில்லை. பிள்ளைகளின் புறப்பாட்டைத் தடுப்பது பெற்றோர் வேலையன்று. வழி சரியாயிருக்கிறதா என்று கேட்டபின் பச்சைக்கொடி காட்டுவதே அவர்கள் வேலை. மருமகள் கோடைக்கு முன் நீச்சல் பழகத் தொடங்குவாராயின், அந்தக் கொடியை நாமும் சேர்ந்து பிடிப்போம்.