பழைய கருவியா, புதிய கருவியா? கேள்வியே பிழை!



“அந்தக் காலத்து வாக்மேனில் கேட்ட இனிமை இன்றைய கைப்பேசியில் இல்லை” என்னும் பேச்சு ஆசிரியர் அறைகளில் அடிக்கடி எழுகிறது. சிலர் ஒருபடி மேலே சென்று, உற்பத்தி நிறுத்தப்பட்ட ஐபாட் இசைக்கருவிகளைத் தேடிப் பிடித்துச் சில நூறு ரிங்கிட் கொடுத்து வாங்குகின்றனர். சொந்தப் பணம், சொந்த விருப்பம். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால், “கேட்டல் பயிற்சிக்கும் அத்தகைய கருவிகளையே பள்ளிக்கு வாங்கலாம், மாணவர்களின் உச்சரிப்பு திருந்தும்” என்று அதே வாதம் வகுப்பறைக்குள் நுழையும்போது வாய்மூடி இருக்க இயலவில்லை. இவ்வாதம் பிழையானது. அதனினும் கேடு, பிள்ளைகளின் செவிக்கு உண்மையில் எது தீங்கு செய்கிறதோ அதனை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

முதலில் பழைமையின் பெருமையைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

சோனி நிறுவனம் வாக்மேனை 1979ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. அதில் ஓடிய ஒலிநாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு கீற்றில் நான்கு தடங்கள். ஓடும் வேகமோ நொடிக்கு 4.76 செண்டிமீட்டர். இவ்வளவு குறுகிய இடத்தில் இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் இரைச்சல் இல்லாமல் இருக்குமா? பாடல் தொடங்குமுன் கேட்ட அந்த ‘ஸ்ஸ்’ ஓசையை மறந்துவிட்டோமா? டோல்பி இரைச்சல் குறைப்பு முறை தேவைப்பட்டதே அதனால்தானே! மின்கலம் தளர்ந்தால் பாடகரின் குரலும் தளர்ந்தது. நம் நாட்டு ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சணம் பூத்தது. வானொலி 6இல் (இன்றைய மின்னல் பண்பலைதான்) ஒலியேறிய பாடலைப் பதிவுசெய்து, அப்பதிவிலிருந்து இன்னொரு படி எடுத்து நண்பருக்குக் கொடுத்தோம். ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடியது. நம்மில் பலர் கேட்ட ‘இனிமை’ இதுவே. அந்த இனிமை நம் இளமைக்கு உரியது. நாடாவுக்கு உரியது அன்று.

1982இல் வந்த குறுவட்டு, நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிந்தது. நாடாவின் இரைச்சல் அத்தோடு ஒழிந்தது. அடுத்து வந்தது எம்பி3. குறுவட்டில் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் இடம்பிடித்த இசையை 128 கிலோபிட்டாக, அதாவது பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கினர். 2001இல் ஐபாட் வெளிவந்த பிறகு நம்மவர் பலர் அதில் நிரப்பியவை இத்தகைய கோப்புகளே. இரவுச் சந்தையில் ஒரே வட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் கிடைத்த காலம் அது. தாளத்தின் ஓசை தண்ணீரில் நனைந்தது போல ஒலித்ததற்குக் காரணம் அந்தச் சுருக்கமே. இன்றைய இணைய இசைச் சேவைகள் 320 கிலோபிட் அளவிலும், இழப்பே இல்லாத வடிவிலும் பாடல்களைத் தருகின்றன. எப்படிப் பார்த்தாலும் முன்னேற்றம்தானே?

“ஒரே பாடலை இரண்டிலும் போட்டுக் கேட்டேன், ஐபாடில்தான் நன்றாக இருந்தது” என்பார் உண்டு. அவரிடம் இரண்டு கேள்விகள். இரண்டிலும் ஒரே இயர்போனையா பொருத்தினீர்கள்? இரண்டின் ஒலியளவும் சமமாக இருந்ததா? ஒலியளவு சற்றே கூடினாலும் ‘இதுதான் நன்றாக இருக்கிறது’ என்றே நம் செவி தீர்ப்புச் சொல்லும். அளவைச் சமமாக்காமல் செய்யும் ஒப்பீடு, ஒருவருக்கு எளிய வினாத்தாளும் மற்றவருக்குக் கடிய வினாத்தாளும் கொடுத்துவிட்டுப் புள்ளிகளை ஒப்பிடுவது போன்றது. ஆசிரியராகிய நாம் அதனை ஏற்போமா? ஒரே கோப்பை இரு நல்ல கருவிகளில் கேட்கும்போது வரும் வேறுபாடு மிகச் சிறிது. இயர்போனை மாற்றினால் வரும் வேறுபாடோ பெரிது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1990களிலிருந்து பல இசைத்தொகுப்புகளை மிகுந்த உரப்போடு மறுபதிப்புச் செய்தார்கள்; மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இருந்த இடைவெளி அவற்றில் குன்றியது. 2016இல் ஐபோனிலிருந்து இயர்போன் துளை நீக்கப்பட்டது. பிற கைப்பேசிகள் பலவும் அவ்வழியே சென்றன. புளூடூத் வழியாகச் செல்லும் ஒலி பெரும்பாலும் மீண்டும் ஒருமுறை சுருக்கப்படுகிறது. இவை உண்மை. ஆயினும் முன்னது பதிப்பின் குறை. பின்னது இணைப்பின் குறை. புதிய கருவியின் ஒலித்தரம் தாழ்ந்தது என்பதற்கு இவை சான்றாகா.

இனி வகுப்பறைக்கு வருவோம்.

ல, ள, ழ ஆகிய மூன்றையும் செவி பிரித்தறிய உதவும் அதிர்வுகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. பழைய நாடாக் கருவியும் இதனைத் தரும். மலிவான கைப்பேசியும் தரும். அப்படியிருக்க, ‘பழம்’ என்பது கடைசி வரிசை மாணவனுக்குப் ‘பளம்’ என்று ஏன் கேட்கிறது? மேசைமேல் வைத்த கைப்பேசியின் ஒலி, திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் கேட்பது எட்டு மீட்டரில் 18 டெசிபல் குறைந்துவிடும். வகுப்பறைச் சுவர்கள் எதிரொலித்து அந்தக் குறையை ஓரளவு நிரப்பும்; ஆனால் அந்த எதிரொலியே எழுத்தொலிகளை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பூசிவிடும். அதற்குமேல் மின்விசிறி, சாலை வாகனம், பக்கத்து வகுப்பின் வாய்பாடு. வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறியது. சாலையோரத் தமிழ்ப்பள்ளியில் மின்விசிறி சுழலும் வகுப்பில் நின்று கேளுங்கள். அந்த அளவு எங்கே, நாம் எங்கே! இக்குறையை எந்த ஐபாட் தீர்க்கும்?

“அப்படியானால் ஒவ்வொருவர் காதிலும் இயர்போனை மாட்டிவிடலாமே” என்பது அடுத்த யோசனை. இங்குதான் பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த பாதுகாப்பு நெறி, பிள்ளைகளுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 75 டெசிபல் என்று வரம்பிடுகிறது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். கணக்குப் போடுவோம்: 78க்கு 20 மணி, 81க்கு 10, 84க்கு 5, 87க்கு இரண்டரை, 90 டெசிபலுக்கு வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரமே! பேருந்திலும் மகிழுந்திலும் வெளி இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டும் பிள்ளை, இந்த ஒன்றேகால் மணியை ஓரிரு நாளில் செலவழித்துவிடும். உட்செவியின் மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இந்தத் தீங்கைப் பழைய வாக்மேனும் செய்தது. புதிய கைப்பேசியும் செய்கிறது. வாக்மேனின் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்றைய கருவியோ நாள்முழுதும் ஓயாது.

எனவே நான் வேண்டுவன இவை:

1. பள்ளிக்குப் பழைய இசைக்கருவி வாங்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அப்பணத்தில் வகுப்பின் நடுவில் வைக்கத்தக்க நல்ல ஒலிபெருக்கி ஒன்றும், சுவருக்குக் கூடுதல் மென்பலகைகளும், சன்னலுக்குத் தடித்த திரைச்சீலைகளும் வாங்குங்கள். எதிரொலி குறையும்.

2. கேட்டல் பயிற்சியின்போது மாணவரை முன்னால் அழைத்து அரைவட்டமாய் அமர்த்துங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

3. பெற்றோர்களே, பிள்ளையின் கருவியில் ஒலியளவு வரம்பு அமைப்பு இருந்தால் இன்றே அதனை இயக்குங்கள். இயர்போன் மாட்டிய பிள்ளையிடம் ஒரு கை தொலைவில் இயல்பாகப் பேசிப் பாருங்கள். உங்கள் பேச்சு அதற்குக் கேட்கவில்லையென்றால் ஒலியைக் குறைத்தே ஆகவேண்டும்.

4. ஆசிரியர்களே, ஒலிப்பதிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், நாவை மடித்து ‘ழ’ சொல்லும் ஆசிரியரின் வாயைப் பார்த்துக் கற்பதற்கு அது ஈடாகாது. பதிவை ஒருமுறை ஒலியேற்றினால், நாம் மும்முறை சொல்லிக் காட்டுவோம்.

எக்கருவி இனிது என்று பெரியவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கலாம். கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு இன்று நம் தமிழ் கேட்டதா? நாளைக்கும் கேட்குமா? முதலில் இவற்றுக்கு விடை காண்போம்.