ஒரே நோய்... ஆளுக்கொரு மாதிரி! எம்.எஸ். பாதிப்புக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்க மெஷின் லேர்னிங் உதவுமா?

ஒருவருக்குத் திடீர்னு ஒரு கண் மங்கும். இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும். இரண்டுமே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, மூளை, தண்டுவட நரம்புகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. நம் உடலின் எதிர்ப்பு சக்தியே அந்த உறையை அரிப்பதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும்.

மருந்து இல்லையா?

இருக்கு. நோயை முழுசா குணப்படுத்தாது, ஆனால் கட்டுப்படுத்தும். சிக்கல் என்னவென்றால், யாருக்கு எது என்பதுதான். வீரியமான மருந்துகளில் ஆபத்தும் அதிகம். நடாலிசுமாப் என்ற மருந்து அரிய மூளைத் தொற்றை உண்டாக்கியதால் 2005-ல் அமெரிக்க சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, 2006-ல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்தது. சரி, லேசான மருந்தில் தொடங்கலாம் என்றால், அது கேட்காமல் போகும் மாதங்களில் அழியும் நரம்பிழை திரும்ப வராது.

கம்ப்யூட்டர் என்ன கண்டுபிடித்தது?

2021-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், 6,322 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களை மெஷின் லேர்னிங் மென்பொருளிடம் கொடுத்தார்கள். எது எந்த வகை என்று முன்கூட்டியே சொல்லித்தரவில்லை. அதுவே மூன்று வகையாகப் பிரித்தது. மூளையின் மேற்புறம் முதலில் சுருங்குவது ஒன்று. பார்க்க இயல்பாகத் தெரியும் வெண்பகுதியில் கோளாறு தொடங்குவது இன்னொன்று. ஆரம்பத்திலேயே தழும்புகள் பரவுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையினருக்குத்தான் உடல் முடக்கத்துக்கான ஆபத்து அதிகம். மருந்துக்குப் பலன் தெரிந்ததும் இவர்களிடம்தான். வேறு 3,068 பேரின் ஸ்கேன்களிலும் இந்த வகைப்பாடு சரிபார்க்கப்பட்டது.

அப்போ ஸ்கேன் எடுத்தா மருந்து ரெடியா?

அவ்வளவு சீக்கிரம் இல்லை. மருந்துப் பலன் பற்றிய முடிவு, ஏற்கெனவே நடந்து முடிந்த மருந்துப் பரிசோதனைகளின் தகவலைத் திரும்பப் பார்த்ததில் கிடைத்தது. நோயாளிகளை முதலிலேயே வகை பிரித்து, அதன்படி மருந்து கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

சரி, மருத்துவமனைப் பதிவுகளிலிருந்தே கம்ப்யூட்டரைக் கற்கவைக்கலாமே? அங்கேதான் பெரிய பொறி இருக்கு. நோய் கடுமையாக இருப்பவர்களுக்கே டாக்டர்கள் வீரியமான மருந்தை எழுதுகிறார்கள். அவர்களில் பலர் பின்னாளில் மோசமாவதும் இயல்பு. இதை மட்டும் பார்க்கும் மென்பொருள், 'இந்த மருந்தால்தான் நிலைமை மோசமாச்சு' என்று தப்புக்கணக்குப் போட்டுவிடலாம். ஒருவர் சாப்பிடாத மருந்து அவருக்கு என்ன செய்திருக்கும் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இன்னொன்று, ஸ்கேன் மெஷினுக்கு மெஷின் படத்தின் தரம் மாறும். ஆய்வுக்கென ஒரே முறையில் எடுத்த படங்களில் தேறிய மென்பொருள், சாதாரண ஸ்கேன் சென்டர் படத்தில் தடுமாறலாம்.

இப்போதைக்கு நரம்பியல் டாக்டர்தான் பாதிப்பு எத்தனை முறை வந்தது, ஸ்கேனில் புதுத் தழும்பு இருக்கா, கர்ப்பத் திட்டம் உண்டா என்றெல்லாம் கேட்டு மருந்தை முடிவு செய்கிறார்.