நாமினி தம்பி, நீ யாரு?

பக்கத்து ஸீட் நண்பருக்குக் கல்யாணமாகி மூணு வருஷம். கையில் ஒரு வயசுப் பையன்.

'பேங்க் டெபாஸிட்டுக்கு நாமினி யாரு?' என்றேன்.

'தம்பிதான் சார். பேச்சுலரா இருந்தப்போ போட்டது.'

சம்சாரம் காதில் விழுந்திருந்தால் அன்று ராத்திரி பட்டினிதான்!

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொள்ளும் ஆள், சொந்தக்காரர் இல்லை. கிட்டத்தட்ட ட்ரஸ்டி மாதிரி. வாங்கி, வாரிசுகளிடம் கொடுக்கணும். 1983-ல் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும், 2023-ல் ஷேர்களுக்கும் சுப்ரீம் கோர்ட் இதையேதான் சொன்னது. (இன்ஷூரன்ஸில் மட்டும் 2015-ல் சட்டம் மாறிவிட்டது. பெற்றோரோ, மனைவியோ, பிள்ளைகளோ நாமினியானால் பணம் அவர்களுக்கே.)

'அப்போ தம்பி கொடுத்துடுவான்ல?'

'கொடுக்கலேன்னா? பையனை இடுப்பில் வெச்சுக்கிட்டு உங்க சம்சாரம் கோர்ட்டுக்கு அலையணும்.'

நண்பர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் போய்ச் சேர்ந்தால், 1956-ம் வருஷ வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் மனைவி, ஒவ்வொரு பிள்ளை, அம்மா - ஆளுக்கொரு சம பங்கு. அப்பா முதல் வரிசையிலேயே கிடையாது. வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடுகிறதா என்ன?

'நாமினியை மாத்துங்க. அப்படியே ஒரு உயிலும் எழுதிடுங்க. வெள்ளைப் பேப்பர் போதும், ரெண்டு சாட்சி. ரிஜிஸ்டர் பண்றது நல்லது, ஆனா கட்டாயமில்லை. பையன் சின்னவன்கிறதால உயில்லயே ஒரு ட்ரஸ்ட் வெச்சு, 18 வயசு வரைக்கும் படிப்புச் செலவைப் பார்த்துக்க ட்ரஸ்டியைப் போடலாம்.'

'ட்ரஸ்டியா யாரைப் போட?'

'நம்பிக்கையான ஆளா...'

'தம்பிதான் சார்!'

மறுநாள் பேப்பரோடு வந்தார். ட்ரஸ்டி இடத்தில் மச்சினர் பெயர் இருந்தது. ரெண்டாவது சாட்சி தேடி கேண்டீனுக்குப் போனோம்.