பாக்கெட் மாவில் பட்டை ரோல் செய்தால் பாவமா?

கடையில் விற்கிற உறைய வைத்த பஃப் மாவை வாங்கி, வெண்ணெய் தடவி, பட்டைத்தூளும் நாட்டுச்சர்க்கரையும் தூவிச் சுருட்டி, வெட்டிச் சுட்டு எடுத்தால் அது வீட்டில் செய்த பலகாரம்தான். கட்சி கட்டியே பேசப் போகிறேன். எதிர்க்கட்சியில் ஆள் அதிகம் என்பது தெரிந்தேதான் இறங்குகிறேன்.

"பாக்கெட்டைப் பிரிச்சு ஓவன்ல வச்சதுக்கு எதுக்குடா இவ்ளோ பில்டப்?" இது வகுப்புத் தோழன். "மாவுகூடப் பிசையாம அது என்ன சமையல்?" இது பெரியம்மா. பெரியம்மா வீட்டு ஃபிரிட்ஜில் எப்போது திறந்தாலும் இரண்டு பாக்கெட் இட்லி மாவு இருக்கும். அதில் ஊற்றுகிற இட்லி மட்டும் வீட்டு இட்லி! கிரைண்டர் வந்த காலத்தில் "ஆட்டுக்கல் ருசி வருமா" என்றார்கள். மாவு பாக்கெட் வந்தபோது "கிரைண்டர் ருசி வருமா" என்றார்கள். இரண்டையும் விழுங்கி ஏப்பம் விட்டாயிற்று. இப்போது என் பட்டை ரோலுக்கு வந்து நிற்கிறார்கள்.

சரி, முறைப்படி பஃப் மாவு எப்படிச் செய்வது என்று பார்ப்போம். மைதா மாவைப் பிசைந்து விரித்து, நடுவில் குளிர்ந்த வெண்ணெயைத் தட்டையாக வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடிக்க வேண்டும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுபடி தேய்த்து மறுபடி மூன்றாக மடிக்க வேண்டும். இப்படி ஆறு முறை. மூன்றை ஆறு முறை பெருக்கினால் 729. அத்தனை அடுக்கு வெண்ணெய், நடுநடுவே மாவு. ஓவன் சூட்டில் மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்குகிறது. பப்ஸ் பொருபொருவென்று உதிர்கிற ரகசியம் இவ்வளவுதான்.

அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் வெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரியில். ஏப்ரல் மாத மதியத்தில் நம் ஊர் அடுப்படி எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது மடிப்பிலேயே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும். அடுக்கு போச்சு, கையில் மிஞ்சுவது சப்பாத்தி மாவு. குளிர் தேசத்து அடுப்படிக்காகப் பிறந்த ஒரு முறையை ஏசி இல்லாத அடுப்படியில் செய்து காட்டு என்பதும், செய்யாதவரைச் சோம்பேறி என்பதும் என்ன நியாயம்?

நான் பி.காம் மாணவன். எனக்குத் தெரிந்த பாஷையில் கணக்குப் போடுகிறேன். காஸ்ட் அக்கவுன்டிங்கில் "மேக் ஆர் பை" என்று ஒரு கணக்கு வரும். ஒரு உதிரி பாகத்தை நாமே தயாரிப்பதா, வெளியே வாங்குவதா? அதைத் தயாரிக்க ஆகும் மாறும் செலவை வாங்கும் விலையோடு ஒப்பிட வேண்டும். அதோடு, அந்த நேரத்தில் இயந்திரமும் ஆளும் வேறு என்ன சம்பாதித்திருக்கலாம் என்பதையும் சேர்க்க வேண்டும். கடைசி வரியை மறந்தால் மார்க் போய்விடும். நம் வீடுகளில் எல்லோரும் மறப்பது அந்த வரியைத்தான். மைதா இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு, ஆக வீட்டில் செய்தால் லாபம் என்கிறார்கள். நாலு மணி நேரம் நின்ற ஆளின் கூலி? பூஜ்யம். ஏனென்றால் அந்த ஆள் அம்மா.

இதில் இருக்கிற நுண்ணரசியல் இதுதான், சாமிகளா. தேசிய வருமானத்தைக் கணக்கிடும்போது சம்பளமில்லாத வீட்டு வேலையைச் சேர்ப்பதில்லை என்று முதல் வருடமே படிக்கிறோம். பரீட்சையில் எழுதுகிறோம், மறக்கிறோம். மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அதே வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். "எல்லாத்தையும் முதல்லேர்ந்து கையாலயே செய்யணும்" என்கிற தத்துவத்துக்கான பில் யார் பெயரில் வருகிறது என்று இப்போது பாருங்கள். தத்துவம் பேசுகிறவர் பெரும்பாலும் தட்டோடு உட்கார்ந்திருப்பவர். என் அம்மா வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர். பாக்கெட் மாவு இருப்பதால்தான் எங்கள் வீட்டில் பட்டை ரோல் என்ற ஒன்றே உண்டு. அதையும் பெரும்பாலும் சுடுவது நான்.

பாரம்பரியம் என்று ஆரம்பிப்பார்கள். சுவீடனில் அக்டோபர் 4 பட்டை ரோல் தினம். கேட்டால் ஏதோ வைக்கிங் காலத்து விழா மாதிரி இருக்கும். ஆரம்பித்தது 1999-ல், வீட்டு பேக்கிங்கை வளர்க்க என்று வைத்திருந்த ஒரு அமைப்பு. அதன் பின்னால் இருந்தவை ஈஸ்ட், மாவு, சர்க்கரை, மார்ஜரின் விற்கிற கம்பெனிகள்! நான் குறை சொல்லவில்லை, அருமையான மார்க்கெட்டிங். அமெரிக்காவிலோ டப்பாவில் அடைத்த மாவுக்கு லைவ்லி வில்லோபி என்ற கென்டக்கி பேக்கரிக்காரர் 1931-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதைத் தயாரித்த கம்பெனியை 1951-ல் பில்ஸ்பரி வாங்கியது. டப்பாவைத் திறந்து பட்டை ரோல் சுட்டே அங்கே எத்தனையோ குடும்பங்கள் வளர்ந்திருக்கின்றன. அவர்களுக்கு அதுதான் பாரம்பரியம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மாவில் செய்யும் ரோல் வேறு, அது பஞ்சு. நான் சொல்வது மொறுமொறு. பெயர்தான் தகராறு என்றால் பட்டை பப்ஸ் என்று கூப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

செய்முறையில் பெரிதாக ஒன்றுமில்லை. மாவை ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள், வெளியே வைத்தால் ஒட்டும். 250 கிராம் மாவுக்கு இளகிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை 4 மேசைக்கரண்டி, பட்டைத்தூள் 2 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுத் தடவி, தூவி, இறுக்கமாகச் சுருட்டுங்கள். உடனே வெட்டாமல் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் நசுங்கும். அப்புறம் 2 செ.மீ. கனத்தில் வெட்டி, 200 டிகிரி சூடேற்றிய ஓடிஜியில் 20 நிமிடம் போல. மேலே சிவந்ததும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், நடு அடுக்கு வேக வேண்டும். குக்கரில் கேஸ்கட்டைக் கழற்றிச் சுடும் கேக் வித்தை இதற்கு ஒத்துவராது, அந்தச் சூடு பத்தாது. ஓவன் இல்லாதவர்கள் உறைந்த பரோட்டாவைத் தோசைக்கல்லில் சுட்டு, சூடாக இருக்கும்போதே இதே கலவையைத் தூவி மடித்துச் சாப்பிடலாம். ஹாஸ்டல்வாசிகள் கவனிக்க :)

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரினோ வேறு தாவரக் கொழுப்போ போட்ட மாவும் விற்கிறது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் இங்கே விதி இருக்கிறது. பாக்கெட் மாவைக் குறை சொல்வதானால் இதைப் பிடித்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மாவுக்கு இவ்வளவு குதிக்கிறவர்கள் பட்டை விஷயத்தில் வாயே திறப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா. தடிப்பாக, மரப்பட்டை மாதிரி, கருஞ்சிவப்பாக இருக்கும். இலங்கையிலிருந்து வரும் அசல் கருவாப்பட்டை காகிதம் போல மெல்லிய பல அடுக்குகளைச் சுருட்டு மாதிரி சுருட்டியது. வெளிர் பழுப்பு நிறம். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். இரண்டும் வேறு வேறு மரம். நம் உணவுத் தர விதிகளிலேயே இரண்டுக்கும் தனித்தனித் தரம் எழுதியிருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15 என்ன சொல்கிறது? ஒரு பெயரைச் சொல்லி விற்றால் சரக்கு அந்தப் பெயருக்குப் பொருந்த வேண்டும். செமஸ்டருக்கு உருப்போட்டவர்கள் கடையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், இலங்கைப் பட்டையில் மிகக் குறைவு. தினமும் நிறையச் சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். இதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் விதி போட்டது: பட்டை சேர்த்த பாரம்பரிய, பண்டிகைப் பலகாரத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை, மற்ற பேக்கரி பண்டங்களில் 15. 2013-ல் டென்மார்க்கில் அவர்களுடைய பட்டை ரோல் இந்த 15-ஐத் தாண்டுகிறது என்று சிக்கல் வந்து, பேக்கரிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஒரு நாட்டையே கலக்கிய சண்டை பட்டைக்காகத்தான், மாவுக்காக இல்லை!

பயமுறுத்தவில்லை. எப்போதாவது இரண்டு ரோல் சாப்பிடுகிறவருக்கு எதுவும் ஆகாது. காசியாவின் காரமான வாசனைதான் பிடிக்கும் என்பவர்களும் உண்டு, தாராளமாகப் போடட்டும். இலங்கைப் பட்டை கொஞ்சம் சாது, லேசான இனிப்பு, வெண்ணெயோடு சேரும்போது எனக்கு அதுதான் பிடிக்கிறது. தூளாக வாங்காதீர்கள், தூளில் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. குச்சியாக வாங்கி மிக்ஸியில் அடியுங்கள். சுலபமாகப் பொடிந்தால் சிலோன், மிக்ஸி அலறினால் காசியா. விலை கேட்டால் லேசாகத் தலை சுற்றும். 50 கிராம் போதும், ஏழெட்டு பாக்கெட் மாவுக்கு வரும்.