மாகோ வரை இறங்கி ஏறும் பயணம்

திருகோணமலையில் இருந்து வவுனியா, தெருவழியே சுமார் 95 கிலோமீட்டர். ஹொரவப்பொத்தானையால் போகும் பஸ்ஸில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் இறங்கிவிடலாம். ரயிலில்தான் போவேன் என்று ஒருவர் நின்றால் கந்தளாய், கல்ஓயா, ஹபரணை எல்லாம் கடந்து குருநாகல் மாவட்டத்தின் மாகோ சந்தி வரை தென்மேற்கே இறங்க வேண்டும். அங்கே வண்டி மாறி, அனுராதபுரம் வழியாக மறுபடியும் வடக்கே ஏற வேண்டும். தூரம் கிட்டத்தட்ட மும்மடங்கு.

இதற்குக் காரணம் தண்டவாளம் பிரியும் திசை. கல்ஓயாவில் இருந்து திருகோணமலைக்கான பாதை 1927இலும், மட்டக்களப்புக்கான பாதை 1928இலும் திறக்கப்பட்டன. இரண்டு கிளையும் கொழும்பை நோக்கியே வந்து சேர்கின்றன. மாகோவில் வடக்குப் பாதையும் அப்படித்தான். துறைமுகத்தையும் தலைநகரையும் இணைக்க வேண்டும் என்பதே அன்றைய ஆட்சியின் தேவை. திருகோணமலை ஆள் மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவார் என்பது அந்தக் கணக்கில் இருக்கவில்லை.

ஆகவே மட்டக்களப்பில் இருந்து ஒரு வண்டி நேரே திருகோணமலைக்கு வருவதானால், கல்ஓயாவில் நின்று திசை மாற வேண்டும். எழுதும்போது இது சின்ன விஷயம். ஸ்டேஷனில் நின்று பார்த்தால்தான் பாடு தெரியும். எஞ்சினைப் பெட்டிகளில் இருந்து கழற்றுவார்கள். பிரேக் குழாயைப் பிரிப்பார்கள். எஞ்சின் சற்று முன்னே போய் நிற்கும், வண்டியைத் தடம் மாற்றும் பொயின்ட் மாறும், பக்கத்துத் தடத்தில் பெட்டிகளைக் கடந்து மறுமுனைக்கு ஓடும். அங்கே மறுபடி பொயின்ட், மறுபடி கொளுவல், பிறகு பிரேக் சோதனை. பக்கத்துத் தடத்தில் ஒரு சரக்குப் பெட்டி நின்றாலும் எல்லாம் நின்றுவிடும். திருகோணமலை கடைசி ஸ்டேஷன் என்பதால், எஞ்சின் இழுத்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அங்கே இதே வேலைதான். இரு முனையிலும் சாரதி அறை உள்ள வண்டிகளுக்கு மட்டும் இந்தச் சுற்று இல்லை.

கல்ஓயாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே உள்ள 70 கிலோமீட்டர் அளவும் ஒற்றைத் தடம். பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் அதையே பங்கிட வேண்டும். எதிரெதிரே வரும் வண்டிகள், விலகத் தடம் உள்ள ஸ்டேஷனில் மட்டுமே ஒன்றையொன்று கடக்கலாம். ஒன்று பிந்தினால் மற்றது தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ காத்துக் கிடக்கும். அதற்கும் கீழே, மாகோ–கல்ஓயா துண்டு திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பொது. அங்கே அடைபட்டால் கிழக்கின் இரண்டு நகரங்களுக்கும் ரயில் இல்லை. ஹபரணைக் காட்டோரம் யானைக் கூட்டங்கள் பாதையைக் கடக்கும் பகுதியும் அதுதான்.

தடம் இப்படிக் கட்டிப்போடுவது பெருநகரங்களிலும் உண்டு. நியூயோர்க்கின் சவுத் ஃபெரி சுரங்க நிலையம் 1905இல் வளையமாகக் கட்டப்பட்டது. வளைவு அவ்வளவு இறுக்கம்; பத்துப் பெட்டி வண்டியில் முன் ஐந்து பெட்டிகளின் கதவை மட்டுமே திறக்க முடிந்தது. வளைவு குறைந்த மேடையோடு புது நிலையம் வர 2009 ஆயிற்று.

வேறு வழி இல்லாத பாதை எப்படி இருக்கும் என்பதை வடக்கு 2024இல் பார்த்தது. மாகோ–அனுராதபுரம் பகுதி திருத்த வேலைக்காக ஜனவரியில் மூடப்பட, யாழ்ப்பாணத்துக்கான நேரடி ரயில் அக்டோபர் கடைசியில்தான் மறுபடி கொழும்பில் இருந்து புறப்பட்டது. சுற்றிப் போக ஒரு தடமும் இருக்கவில்லை. அந்தப் பகுதிக்கு இந்திய உதவியில் புதிய சமிக்ஞை முறை அமைக்கும் வேலையும் 2025 ஏப்ரலில் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல காரியம்.

தெருப் பக்கத்தில் கிழக்கு மாறிவிட்டது. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபின் மூதூர், வாகரை வழியே மட்டக்களப்புக்கு பஸ் ஓடுகிறது. ரயிலுக்கும் இதற்கு நிகரான ஒன்று வேண்டும். மாகோவிலும் கல்ஓயாவிலும் கிளைக்குக் கிளை நேரே சேரும் ஒரு குறுகிய வளைவுத் தடம் போட்டால் எஞ்சின் சுற்றும் வேலை இல்லை. கல்ஓயாவைச் சுற்றி யானைக்காடு இருப்பதால் அங்கே இடம் பார்ப்பது கடினம். மாகோவில் தொடங்கலாம். அதோடு கந்தளாய்ப் பக்கம் விலகு தடங்களைக் கூட்டினால் இரவு வண்டியையே பெரிதும் நம்பியிருக்கும் திருகோணமலைக்குப் பகலிலும் கூடுதலாக ரயில் விட முடியும்.