குட்டியின் தகப்பன் யார்?

சினை ஊசி போட வருபவர் கையிலிருக்கும் உறைவிந்துக் குச்சியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கால் மில்லி கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அந்தச் சிறு இடத்துக்குள் காளையின் எண், இனம், தயாரித்த நிலையம், தேதி எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். நம் தஞ்சை மாவட்டம் ஈச்சங்கோட்டையிலேயே அப்படிக் குச்சி தயாரிக்கும் அரசு நிலையம் இருக்கிறது. ஊட்டியிலும் ஓசூரிலும் கூட உண்டு. இத்தகைய நிலையங்களில் ஒரு காளையைச் சேர்க்க வேண்டுமானால் அதன் தாயும் தகப்பனும் இன்னவைதான் என்று டி.என்.ஏ. சோதனையில் உறுதியாகியிருக்க வேண்டும். மத்திய கால்நடைத் துறை வகுத்த தர விதிகளில் அதுவும் ஒன்று. பண்ணைப் பதிவேட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி விடுவதில்லை.

அதே ஊரில், அதே தெருவில், ஒருவர் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ராஜபாளையம் குட்டியோ லாப்ரடார் குட்டியோ வாங்கி வருகிறார். தகப்பன் பெரிய லைன், கண்காட்சியில் பரிசு வாங்கியது என்று விற்றவர் சொன்னார். செல்போனில் படமும் காட்டினார். சில இடங்களில் பேப்பரும் கிடைக்கிறது. அந்தப் பேப்பருக்கு அடிப்படை பெரும்பாலும் பெட்டையை வைத்திருப்பவரும் கடுவனை வைத்திருப்பவரும் எழுதிக் கொடுக்கும் விவரம்தான். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது நம் வாதமில்லை. நாய்களைப் பொறுத்தவரை, நேர்மையாக இருப்பவருக்கே தகப்பன் யாரென்று தெரியாமல் போகலாம். காளைக்கு இருக்கும் சோதனை குட்டிக்கும் வேண்டும் என்று நாம் சொல்வது அதனால்தான்.

இது எப்படி நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பெட்டை நாய் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு முறை பருவத்துக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் அளவுக்கு நீடிக்கும். அதில் கடுவனை ஏற்கும் நாட்கள் மட்டுமே ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கலாம். வெளிவரும் கருமுட்டைகள் முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். கடுவனின் விந்தணுவோ பெட்டையின் உடலுக்குள் ஐந்தாறு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஆக, திங்கட்கிழமை பணம் கொடுத்துச் சேர்த்த கடுவனும், வியாழக்கிழமை கொல்லைப்புற வேலியைத் தாண்டி வந்த தெரு நாயும், ஒரே ஈற்றில் ஆளுக்குச் சில குட்டிகளுக்குத் தகப்பனாகலாம். எட்டுக் குட்டிகளில் ஐந்து ஒருவனுடையது, மூன்று இன்னொருவனுடையது என்பது நாய்களிடையே இயல்பாக நடக்கக்கூடியதே. சேர்த்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி இருந்தாலும், அந்தச் சாட்சி சேர்த்ததற்குத்தான் சாட்சி; பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் அல்ல. ஒரு குட்டியைச் சோதித்துவிட்டு மொத்த ஈற்றுக்கும் சான்று தருவதும் இதனாலேயே செல்லாது. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும்.

மாட்டில்கூட இந்தக் குழப்பம் இல்லாமல் இல்லை. காலையில் ஊசி போட்ட பசுவை மாலையில் கோயில் காளை சேர்ந்துவிட்டால், பிறக்கும் கன்று குச்சியில் அச்சிட்ட எண்ணுக்கு உரியதா என்று யார் சொல்ல முடியும்? பதிவேடுகள் ஒழுங்காக உள்ள பிரிட்டன், இஸ்ரேல் பால்பண்ணைகளிலேயே ஆராய்ந்து பார்த்தபோது, பத்தில் ஒரு கன்றுக்குத் தகப்பன் பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தது தெரிய வந்திருக்கிறது.

நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது நிறத்தைப் பார்த்து முடிவு கட்டுவது. இதில் ஏமாறுவது மிக எளிது. கருப்பு லாப்ரடார் இரண்டைச் சேர்த்தால் கருப்போடு சேர்ந்து பழுப்புக் குட்டியும் மஞ்சள் குட்டியும் பிறக்கலாம். இரண்டின் உடலிலும் அந்த நிறங்களுக்கான மரபணு ஒளிந்திருந்தால் போதும். வாங்கியவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுவார். வளர்த்தவர் பாவம், பதில் தெரியாமல் நிற்பார். மறுபக்கம், மஞ்சள் லாப்ரடார் இரண்டுக்குக் கருப்புக் குட்டி பிறந்தால் அங்கே சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது. இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நம் டெல்டாவின் சொந்த மாட்டினமான உம்பளச்சேரியையே எடுத்துக்கொள்வோம். அதன் கன்று பிறக்கும்போது செவலையாகவோ பழுப்பாகவோ இருக்கும். ஆறு முதல் எட்டு மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். இது தெரியாத வெளியூர்க்காரர் கன்றைப் பார்த்தால் தகப்பன் வேறு என்றே சொல்லிவிடுவார். தலைஞாயிறு பக்கத்து விவசாயி சிரிப்பார்.

இனி சோதனைக்கு வருவோம். டி.என்.ஏ.வை வைத்து ஒருவரை அடையாளம் காணும் முறையை 1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார். ஹைதராபாத்தில் லால்ஜி சிங் அதை நம் நாட்டில் வேரூன்றச் செய்தார். 1980-களின் இறுதியில் கேரளத்தின் தலச்சேரியில் ஒரு தந்தைமை வழக்கில் அது சான்றாக வைக்கப்பட்டது. மனிதருக்கும் நாய்க்கும் அடிப்படை ஒன்றே. நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் தந்தது, ஒன்று தகப்பன் தந்தது. அவற்றில் சில இடங்களில் சிறு எழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது நாய்க்கு நாய் மாறும். ஆய்வகம் எண்ணுவது அதைத்தான். பன்னாட்டு விலங்கு மரபியல் சங்கம் நாய்களுக்கென்று இத்தகைய 21 இடங்கள் கொண்ட தொகுப்பைப் பரிந்துரைத்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் இடத்தில் தாய்க்கு 12, 16. குட்டிக்கு 12, 19. பன்னிரண்டு தாயிடமிருந்து வந்தது. அப்படியானால் பத்தொன்பது தகப்பனிடமிருந்து வந்திருக்க வேண்டும். சொல்லப்பட்ட கடுவனுக்கு 14, 19. சரி, பொருந்துகிறது. இரண்டாவது இடத்தில் தாய்க்கு 8, 8. குட்டிக்கு 8, 11. கடுவனுக்கு 9, 10. இங்கே பதினொன்று எங்கிருந்து வந்தது? கடுவனிடம் இல்லை. பொருந்தவில்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து ஆய்வகம் கடுவனை ஒதுக்கிவிடாது. மிக அரிதாக, ஒரு தலைமுறையிலேயே எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ போகும். 10 என்பது 11 ஆகியிருக்கலாம். இரண்டு, மூன்று இடங்களில் பொருந்தாமல் போனால்தான் இந்தக் கடுவன் தகப்பனில்லை என்று எழுதுவார்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தகப்பன் இல்லை என்று சொல்லும்போது சோதனை மிக உறுதியாகச் சொல்கிறது. தகப்பன்தான் என்று சொல்லும்போது, தன்னிடம் வந்த மாதிரிகளுக்குள் இந்தக் கடுவனை ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை, தற்செயலாகப் பொருந்தியிருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று சொல்கிறது. பெரும்பாலான நேரங்களில் இரண்டுக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. ஓர் இடத்தில் மட்டும் உண்டு. ஒரே வீட்டில் கடுவனும் அதன் மகனும் இருந்தால், அல்லது ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பி இருந்தால், இருவருக்கும் பல இடங்களில் ஒரே எண்ணிக்கை இருக்கும். ஒருவனின் மாதிரியை மட்டும் அனுப்பினால் தவறானவன் பொருந்திவிட இடமுண்டு. அந்தப் பெட்டையை நெருங்கியிருக்கக்கூடிய எல்லாக் கடுவன்களின் மாதிரியும் போக வேண்டும். தாயின் மாதிரியும் கட்டாயம் போக வேண்டும். தாய் தந்த பாதி எதுவென்று தெரியாமல் தகப்பன் தந்த பாதியைப் பிரித்தறிவது கடினம்.

இந்தச் சோதனை சொல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். குட்டி சுத்தமான ராஜபாளையமா என்று இது சொல்லாது. கலப்பு நாய் இரண்டுக்குப் பிறந்த கலப்புக் குட்டிக்கும் நூற்றுக்கு நூறு சரியான பெற்றோர் சான்று கிடைக்கும். இனத்தைக் கண்டறிவது வேறு சோதனை. அதற்கு அந்த இனத்தின் பல நாய்களிடமிருந்து எடுத்த மரபணு விவரம் முன்கூட்டியே திரட்டப்பட்டிருக்க வேண்டும். மேல்நாட்டு நிறுவனங்களின் தொகுப்புகள் அவர்கள் ஊர் இனங்களைச் சுற்றி வளர்ந்தவை. கோம்பை, கன்னி போன்ற நம் நாய் இனங்கள் அவற்றில் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. குட்டி நோயில்லாமல் வளருமா, வேகமாக ஓடுமா என்பதற்கும் பெற்றோர் சோதனையில் விடை கிடையாது.

பிறகு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நம் நாட்டு இனங்களுக்காக. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ராஜபாளையத்துக்கு 2005-ல் அஞ்சல்தலையும் வந்தது. மதிப்புக் கூடியதும் தேவை கூடியது. பெயர்பெற்ற சில கடுவன்களுக்கே எல்லோரும் பெட்டையைக் கொண்டு போகிறார்கள். மன்னார்குடியில் ஒருவரும் கும்பகோணத்தில் ஒருவரும் வெவ்வேறு இடத்தில் வாங்கிய குட்டிகள் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவையாக இருக்கலாம். அது தெரியாமல் அவற்றையே பின்னால் சேர்க்கிறார்கள். தகப்பனையும் மகளையும் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் மரபணு இடங்களில் கால் பங்கில் ஒரே பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர எதிர்பார்க்கலாம். ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்த இரண்டைச் சேர்த்தால் எட்டில் ஒரு பங்கு. ஒளிந்திருந்த குறைகள் வெளியே வருவது இப்படித்தான். ராஜபாளையத்தில் வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிட்டுத்தன்மை வருவது வளர்ப்பவர்கள் நன்றாக அறிந்த துன்பம். கூப்பிட்டால் திரும்பாத குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் சேர்க்கையைத் தவிர்த்திருக்க வேண்டும் என்று யோசிப்பவருக்கு, தகப்பன் யாரென்ற உண்மை தெரிந்திருந்தால்தான் அடுத்த முறை வழி பிறக்கும். பொய்யான வம்சாவளி இருப்பது வம்சாவளியே இல்லாததைவிட மோசம். உறவில்லை என்று அது உறுதி சொல்லி, உறவுக்குள்ளேயே சேர்க்க வைக்கும்.

சோதனையின் பலவீனமான இடம் ஆய்வகத்தில் இல்லை. மாதிரி எடுக்கும் திண்ணையில் இருக்கிறது. குட்டியின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கிறார்கள். தாயிடம் பால் குடித்த உடனே எடுத்தால் தாயின் செல்களும் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குட்டியைக் கொஞ்ச நேரம் தனியே வைத்திருந்து எடுக்க வேண்டும். குச்சியை நன்றாக உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால், அதுவும் நம் ஐப்பசி கார்த்திகை மழையில், பூஞ்சை பிடித்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உறையில் எழுதிய பெயருக்கு உரிய நாயிடம்தான் அது எடுக்கப்பட்டதா என்பது. உரிமையாளரே எடுத்து அனுப்பிய மாதிரி அவரது சொல்லுக்கு மேல் எதையும் நிறுவாது. கால்நடை மருத்துவர் முதலில் நாயின் தோலுக்கடியில் உள்ள சிப்பை ஸ்கேனரில் படித்து, அந்த 15 இலக்க எண்ணை உறையில் எழுதி, தானே மாதிரி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சிப் ஒரு நெல்மணி அளவுதான். மாட்டுக்குக் காதில் போடும் 12 இலக்கத் தோடு எப்படியோ, நாய்க்கு இந்தச் சிப் அப்படி; இது இல்லாத நாய்க்கு எந்தச் சான்றும் நிற்காது.

அமெரிக்க கென்னல் கிளப் 2000 ஜூலை முதல், வாழ்நாளில் ஏழு ஈற்றுக்கோ ஓராண்டில் மூன்றுக்கு மேற்பட்ட ஈற்றுக்கோ தகப்பனாகும் கடுவனின் டி.என்.ஏ. விவரம் தன்னிடம் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒரே ஈற்றுக்கு இரண்டு தகப்பன் என்று ஒப்புக்கொண்டு பதிவு செய்யவும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். தாய், கடுவன்கள், குட்டிகள் அனைத்துக்கும் சோதனை செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடு. உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்றால்தான் உண்மை வரும். நம் நாட்டில் 2017-ன் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பதிவேடு வைக்க வேண்டும் என்கின்றன. டி.என்.ஏ. சோதனையை அவை கேட்கவில்லை. எல்லாக் குட்டிக்கும் கட்டாயமாக்குங்கள் என்று நாமும் கேட்கவில்லை. வீட்டுக்காவலுக்கு ஒரு குட்டி வளர்ப்பவர் மேல் அந்தச் செலவை ஏற்றுவது நியாயமில்லை. பணம் வாங்கிக்கொண்டு சேர்க்கைக்கு விடப்படும் கடுவன்களிலிருந்து தொடங்கலாம். அவை எண்ணிக்கையில் குறைவு. அவற்றின் பிள்ளைகளோ ஊரெல்லாம் பரவுகின்றன.

ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஈச்சங்கோட்டை அங்கிருந்து அதிக தூரமில்லை. காளைக்கு மாதிரி எடுத்து அனுப்பும் ஒழுங்கு இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. கல்லூரியில் மாதம் ஒரு நாள் ஒதுக்கி, நாட்டு இனக் கடுவன்களுக்குச் சிப் பொருத்தி, மாதிரி எடுத்து, எல்லா ஆய்வகமும் ஒப்பிடக்கூடிய அந்த 21 இடங்களின் விவரத்தைப் பதிவில் வைத்தால் டெல்டா மாவட்டங்களுக்கு அது போதுமான தொடக்கம்.

அதுவரை, கடுவன் வைத்திருப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் ஆயுள். தகராறு எழும்போது பல நேரம் அது உயிரோடு இருப்பதில்லை. கடுவன் நல்ல வயதில் இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டி, சில துளி ரத்தத்தை இதற்கென்று விற்கும் காகித அட்டையில் இட்டு, உலர்த்தி, சிப் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கி வையுங்கள். ஈரம் படாமல் இருந்தால் அந்த அட்டை அறை வெப்பத்திலேயே பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.